பேரு முப்பத்தெட்டு, அளந்தா முப்பத்தஞ்சே முக்கால்

மக்களே, மொதல்ல ஒரு கேள்வி. பழைய தமிழ் படத்துல இன்ஸ்பெக்டர் இடுப்புல தொங்குமே, அந்த "பாயிண்ட் தர்ட்டி எய்ட்" ரிவால்வர். அதுல போற குண்டோட விட்டம் எவ்வளவு?

0.38 அங்குலம்னு சொன்னீங்கன்னா தப்பு. செம்பு உறை போட்ட குண்டுன்னா 0.357. வெறும் ஈயக் குண்டுன்னா 0.358. அப்ப 38 எங்கிருந்து வந்துச்சு? 1860களோட பழைய ரிவால்வர்களை உலோகத் தோட்டாவுக்கு மாத்தினப்போ, சிலிண்டர்ல ஓட்டை ஒரே அளவுல நேரா போகும். அதனால குண்டோட வெளிவிட்டமும் பித்தளைக் கூட்டோட வெளிவிட்டமும் ஒண்ணாவே இருந்துச்சு, ரெண்டும் கிட்டத்தட்ட 0.375. குண்டோட பின்பக்கம் மட்டும் கொஞ்சம் சிறுத்து கூட்டுக்குள்ள உக்காரும். (இன்னைக்கும் பாயிண்ட் டூ டூ தோட்டா அப்படித்தான்.) அப்புறம் குண்டை முழுசா கூட்டுக்குள்ள தள்ளினாங்க. கூடு அதே அளவு, குண்டு மட்டும் சின்னதாச்சு. பேரை யாரும் மாத்தல. நாப்பத்தி நாலும் இதே கதைதான், அளந்தா 0.429.

சரி, இதெல்லாம் இவனுக்கு எதுக்குன்னு கேப்பீங்க. எங்க டிபார்ட்மென்ட் மெஷின் ஷாப்புல முப்பது வருஷம் லேத் ஓட்டி ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தர் இருக்கார். என் டென்சைல் சாம்பிள் எல்லாம் அவர் கடைசல் பிடிச்சுக் குடுத்ததுதான். வீட்டுக்குப் பின்னாடி ஷெட்ல ஈயத்தைக் காய்ச்சி குண்டு வார்க்கறது அவரோட பொழுதுபோக்கு. நான் உலோகவியல் படிக்கிறவன்னு தெரிஞ்சதும், "ஈயத்தைப் பத்தி உங்க புரொபசருங்க சொல்லித் தராததை நான் காட்டறேன், வா"ன்னு கூப்பிட்டார். மிட்வெஸ்ட்ல ஒரு சின்ன ஊர், சனிக்கிழமை வேற என்ன வேலை?

ஆனா போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெளிவு பண்ணிக்கணும். இது இங்க இருக்கற நம்ம பசங்க பலருக்குத் தெரியாததால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

எஃப்-1 விசாவுல இருக்கறவன் அமெரிக்காவுல துப்பாக்கியோ தோட்டாவோ கையில வச்சிருக்கறது ஃபெடரல் குற்றம். 1998ல இந்த விதி வந்துச்சு, சட்டப் பிரிவு 922(ஜி)(5)(பி). எச்-1பிக்கும் அதே கதிதான், ரெண்டுமே "நான்-இமிக்ரன்ட்" விசா. சில விதிவிலக்கு உண்டு, அதுல முக்கியமானது செல்லுபடியாகுற வேட்டை லைசென்ஸ். கிரீன் கார்டு வந்தவங்க இந்தப் பிரிவுல வரமாட்டாங்க. இதுல பலரும் கவனிக்காத ஒரு கொக்கி இருக்கு. "அம்யூனிஷன்"ங்கிற வார்த்தைக்கு 921ஆம் பிரிவு குடுக்கிற விளக்கத்துல முழுத் தோட்டா மட்டும் இல்ல. காலிக் கூடு, ப்ரைமர், மருந்து, அப்புறம் குண்டு, எல்லாம் தனித்தனியாவே வருது. அதாவது அவர் ஷெட்ல வார்த்த ஈயத்துண்டு ஒண்ணை "ஞாபகார்த்தமா இருக்கட்டும்"னு பாக்கெட்ல போட்டுட்டு ரூமுக்கு வந்தா கூட, சட்டத்தோட வார்த்தைப்படி நான் அம்யூனிஷன் வச்சிருக்கேன்.

"ஃப்ரெண்டு கூட ரேஞ்சுக்குப் போயி வாடகைக்கு எடுத்து சுட்டோம், போட்டோ போட்டோம்"னு சொல்றவங்களுக்காக ஒரு வழக்கு. ரெஹைஃப் எதிர் யுனைடெட் ஸ்டேட்ஸ், 2019. ஐக்கிய அரபு அமீரகத்துல இருந்து ஃப்ளோரிடாவுக்குப் படிக்க வந்த மாணவர். மார்க் சரியில்லைன்னு பல்கலைக்கழகம் நீக்கிடுச்சு, அதோட விசா நிலையும் போச்சு. அதுக்கப்புறம் ஒரு ரேஞ்சுக்குப் போய் சுட்டார். 18 மாசம் சிறை. உச்ச நீதிமன்றம் வரை போயி, "தன் நிலை இன்னதுன்னு அவருக்குத் தெரியும்னு அரசு நிரூபிக்கணும்"னு தீர்ப்பு அவர் பக்கம் வந்துச்சு. ஆனா அதுக்குள்ள பட்டது பட்டதுதான். அவர் மேல போட்டது நான் சொன்ன பிரிவுக்கு ஒட்டின பக்கத்துப் பிரிவு. இருந்தாலும் நமக்கு உறைக்க வேண்டியது உறைக்கணும். சந்தேகம் இருந்தா உங்க சர்வதேச மாணவர் ஆபீஸ்லயோ வக்கீல் கிட்டயோ கேளுங்க, என்னை நம்பாதீங்க.

இதை நான் சொன்னதும் பெரியவர் ஒரு நிமிஷம் யோசிச்சார். அப்புறம் ஒரு நோட்டும் பென்சிலும் குடுத்தார். "நான் அளக்கறேன், நீ எழுது." இதுதான் எங்க ஒப்பந்தம். வார்க்கறது, அளக்கறது, சுடறது எல்லாம் அவர். நான் கணக்குப்பிள்ளை. (மருந்து எவ்வளவு போடணும், எப்படி அடைக்கணுங்கிற சங்கதி எதுவும் இங்க வராது. அது என் வேலையும் இல்ல.)

இனி ஈயம்.

நம்ம பாஷையில ஈயம்ங்கிறது ஒரு குழப்பம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பு இருக்கே, அது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்கு "ஈயம் பூசலையா"ன்னு தெருவுல கூவிட்டுப் போவாங்களே, அதுவும் வெள்ளீயம். விஷம் இருக்கறது காரீயம். ரெண்டுத்துக்கும் ஒரே பேர் வச்சதால பலபேர் ஈயச் சொம்பையே பயந்து தூக்கிப் போட்டாங்க. (கலப்படச் சொம்புன்னா பயப்பட வேண்டியதுதான், அது வேற.) குண்டு வார்க்கறவனுக்கு ரெண்டும் வேணும். காரீயம் பெரும்பங்கு. வெள்ளீயம் கொஞ்சம், அச்சுல நல்லா ஓடி மூலை முடுக்கெல்லாம் நிரம்புறதுக்கு. மூணாவதா ஆன்டிமனி, கெட்டியாகுறதுக்கு. நம்ம பாட்டிங்க கண்ணுக்கு அரைச்ச அஞ்சனக்கல்லு இருக்கே, அதோட தாய் உலோகம்.

சுத்தக் காரீயத்தோட பிரினெல் கடினம் சுமார் 5. நகத்தால கீறினா கோடு விழும். கார் சக்கரத்துல பேலன்சிங்குக்கு அடிப்பாங்களே, அந்த ஈயக்கட்டி சுமாரா 10, 11. லைனோடைப் உலோகம் 22 வரைக்கும் போகும். லைனோடைப்னா 1886ல நியூயார்க் ட்ரிப்யூன் பத்திரிகையில முதல்ல ஓடின மெர்கென்தாலரோட எழுத்து வார்க்கிற மெஷினுக்கான கலவை. 84 பங்கு காரீயம், 12 ஆன்டிமனி, 4 வெள்ளீயம். 240 டிகிரி சொச்சத்துலயே உருகிடும், தனிக் காரீயத்துக்கு 327 வேணும். நம்மூர்ல அச்சுக் கோர்த்த ஈய எழுத்துக்களும் இதே குடும்பம்தான். சின்ன வயசுல பழைய பிரஸ் பக்கமா ஒதுங்கினவங்களுக்கு அந்தச் சாம்பல் நிறம் ஞாபகம் இருக்கும்.

உலோகவியல் மாணவனா எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. காரீயம் 600 கெல்வின்ல உருகுது. நாம உக்காந்திருக்கற ரூம் 300 கெல்வின். அதாவது ஈயம் எப்பவுமே தன் உருகுநிலையில பாதியில வாழுது. இரும்பை அந்த அளவுக்குக் கொண்டு போகணும்னா 600 டிகிரி செல்சியசுக்கு மேல சூடு பண்ணணும். அதனால ஈயத்தைத் தட்டினாலும் அழுத்தினாலும், தாமிரம் மாதிரி அது கெட்டியாகாது. உள்ள படிகங்கள் தானா புதுசா உருவாகி, பழையபடி மெத்துன்னு ஆயிடும். அந்த "மெத்து" பின்னால முக்கியமா வரும், ஞாபகம் வச்சுக்கங்க.

வார்க்கறதைப் பத்தி ரொம்ப எழுதல. மின்சாரப் பானை, 370 லேர்ந்து 400 டிகிரி, அலுமினிய அச்சு, கீழே பழைய துண்டு. அச்சோட மேல் தகட்டுல சூடு சரியா வர்ற வரைக்கும் முதல் இருபது குண்டு சுருங்கின மூஞ்சியோட விழும், எல்லாம் திரும்பப் பானைக்கே. ஒரே ஒரு எச்சரிக்கை: தண்ணி. ஈரமான கட்டி ஒண்ணு உருகின ஈயத்துக்குள்ள மூழ்கிட்டா, அந்தச் சொட்டுத் தண்ணி நொடியில ஆயிரத்தி அறுநூறு மடங்கு ஆவியா விரியும். பானையில இருக்கற ஈயம் கூரைக்குப் போகும். இங்க குண்டு வார்க்கறவங்க அதுக்குச் செல்லமா "டின்செல் தேவதை வந்துட்டா"ன்னு பேர் வச்சிருக்காங்க. ஷெட் கூரையில வெள்ளிப் பொட்டு பொட்டா இருக்கறதைக் காட்டினார் பெரியவர். தேவதை ஒரு தடவை வந்திருக்கா போல.

இப்ப மெயின் மேட்டர். சைசிங்.

வார்த்த குண்டு அச்சுல இருந்து விழும்போது சரியான அளவுல இருக்காது. ஆன்டிமனி ஜாஸ்தின்னா கொஞ்சம் பெருசா விழும், சுத்த ஈயம்னா சுருங்கிச் சின்னதா விழும். அச்சு ரெண்டு பாதியா திறக்கறதால கொஞ்சம் முட்டை வடிவமாவும் இருக்கும். அதனால வேணும்னே ஒண்ணு ரெண்டு தௌ பெருசா வார்த்து, அப்புறம் எஃகு வளையம் ஒண்ணு வழியாத் தள்ளி, வட்டமா, ஒரே அளவா ஆக்கிடறாங்க. தௌன்னா அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கு, 25 மைக்ரான். நம்ம தலைமுடியில பாதி கூட வராது.

அந்த ஒரு தௌவுக்கு இவ்வளவு அலட்டலான்னு நானும் கேட்டேன். அதுக்கு அவர் பதில் சொல்லல, ரிவால்வர் குழலைக் காட்டினார். (வெறும் குழல், சிலிண்டர் தனியா மேசை மேல.) உள்ள டார்ச் அடிச்சா, வரிப்பள்ளத்து ஓரமெல்லாம் சாம்பல் கலர்ல சவ்வு மாதிரி ஈயம் அப்பியிருந்துச்சு. ஆரம்பத்துல கொஞ்சமா இருந்துச்சாம். ஈயம் மெத்துன்னு இருக்கறதாலதான் இழையுதுன்னு நினைச்சு, லைனோடைப்பைச் சேத்து கெட்டியாக்கினாராம். இன்னும் மோசமாச்சு. இன்னும் லைனோடைப். இன்னும் மோசம். இப்பிடியே ரெண்டு வருஷம்!

விஷயம் என்னன்னா, குழலுக்குள்ள சுருளா மேடும் பள்ளமும் இருக்கும். குண்டு அந்தப் பள்ளத்தோட அடி வரைக்கும் நிரம்பி அடைச்சுக்கணும். அடைக்கலைன்னா பின்னாடி எரியிற வாயு பக்கவாட்டு இடுக்கு வழியா முன்னாடி பாயும். அந்தச் சூடும் வேகமும் குண்டோட ஓரத்தை வெல்டிங் டார்ச் மாதிரி அறுத்துட்டுப் போகும். அறுந்த ஈயம் குழல் சுவத்துல ஒட்டும். அடுத்த குண்டு அது மேல இழைஞ்சு இன்னும் கொஞ்சம் விட்டுட்டுப் போகும். ஆக, உரசுறதால இல்ல, ஒழுகுறதால வர்ற வியாதி இது.

மெத்துன்னு இருக்கற குண்டு அளவு கொஞ்சம் குறைஞ்சா கூட, பின்னாடி விழற அழுத்தத்துல பக்கவாட்டுல உப்பி அடைச்சுக்கும். கெட்டிக் குண்டு உப்பாது. இங்க வார்ப்புக்காரங்க ஒரு கணக்கு வச்சிருக்காங்க. பிரினெல் எண்ணை 1422ஆல பெருக்கினா, உப்பறதுக்கு வேண்டிய அழுத்தம் பிஎஸ்ஐயில வருமாம். 22ன்னா 31,000க்கு மேல. ஆனா முப்பத்தெட்டு ஸ்பெஷல் தோட்டாவுக்கு அனுமதிச்ச உச்ச அழுத்தமே 17,000தான்! பதினொண்ணுன்னா 15,600 சொச்சம், சரியா உள்ள வந்துடும். (1422ங்கிறது வெறும் அலகு மாத்தற எண், சதுர மில்லிமீட்டருக்குக் கிலோவை பிஎஸ்ஐ ஆக்கறது. கடினமும் யீல்டு வலுவும் ஒண்ணு இல்ல, பின்னது கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்குதான்னு நான் வாதம் பண்ணேன். "உன் தீசிஸ்ல எழுது"ன்னுட்டார்.) கணக்கு தோராயமோ என்னவோ, திசை சரிதான். அவர் கெட்டியாக்க ஆக்க, குண்டு தன் குறையைத் தானே சரி பண்ணிக்கிற வழியை அடைச்சிட்டே போயிருக்கார்.

அப்ப குறை எங்க? அளந்தோம். அதாவது அவர் அளந்தார்.

சுத்த ஈயத்துண்டு ஒண்ணை எண்ணெய் தடவி, மரக்குச்சியால குழல் வழியா மெதுவாத் தள்ளினார். வெளிய வர்றப்போ அது மேல குழலோட அச்சு அப்படியே பதிஞ்சிருக்கும். பள்ளத்தோட விட்டத்தை அதுல அளக்கணும். இதுல ஒரு வில்லங்கம். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர்னா வழக்கமா அஞ்சு பள்ளம், கோல்ட்டுன்னா ஆறு. ஆறுன்னா ஒண்ணுக்கு எதிரே இன்னொண்ணு வரும், சாதா மைக்ரோமீட்டர் போதும். அஞ்சுன்னா பள்ளத்துக்கு எதிரே மேடு வந்து நிக்கும். எப்படித் திருப்பினாலும் அளவு குறைச்சலாத்தான் காட்டும். அவரோடது அஞ்சு. வி வடிவ அடி வச்ச மைக்ரோமீட்டர் வேணும். முப்பது வருஷம் லேத் ஓட்டினவர் வீட்டுல அது இல்லாம இருக்குமா? துணியில சுத்தி, பெட்டிக்குள்ள பெட்டியா வச்சிருந்தார், நம்ம வீட்டு நகை மாதிரி.

அடுத்தது சிலிண்டர். ஒவ்வொரு அறைக்கும் முன்னாடி "தொண்டை"ன்னு ஒரு குறுகின பகுதி உண்டு. குண்டு மொதல்ல அதைத் தாண்டித்தான் குழலுக்குள்ள நுழையும். தொண்டை குழல் பள்ளத்தை விட ஒரு முடி பெருசா இருக்கணும். சின்னதா இருந்தா, நீங்க என்னதான் அருமையா சைஸ் பண்ணி வச்சாலும் தொண்டையே குண்டை இறுக்கிச் சின்னதாக்கி அனுப்பிடும். அதனால ரிவால்வருக்கு அளவு பாக்கறது தொண்டையை வச்சுத்தான், குழலை வச்சு இல்ல.

நோட்டுல நான் எழுதினது: குழல் பள்ளம் 0.357. தொண்டை ஆறும் 0.358லேர்ந்து 0.3585க்குள்ள. அவர் சைஸ் பண்ணின குண்டு 0.356.

மனுஷன் கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பாத்துட்டு இருந்தார். அவர் கிட்ட 9 மில்லிமீட்டர் பிஸ்டலும் ஒண்ணு உண்டு. அதுக்கு வாங்கின 0.356 வளையத்தையே இதுக்கும் போட்டிருக்கார். "ரெண்டு தௌதானே"ன்னு. லேத்துல ஒரு தௌ தப்பினா எங்க சாம்பிளைத் தூக்கிக் குப்பையில போட்டவர்! அதை நான் சொல்லிக் காட்டல. அவரே சொல்லிட்டார்.

0.358 வளையம் வந்துச்சு. லைனோடைப்பை ஓரங்கட்டிட்டு, சக்கரக்கட்டி ஈயத்தோட கொஞ்சம் வெள்ளீயம் சேத்து வார்த்தார். அம்பது ரவுண்டு சுட்டுட்டு வந்து குழல்ல வெள்ளைத் துணி விட்டுக் காட்டினார். நுழையிற இடத்துல லேசா ஒரு கறை. மத்தபடி சுத்தம்.

இந்த "அளவு, கொழுப்பு, ஒழுக்கு" சமாச்சாரம் நமக்குப் புதுசு இல்ல. 1857ல மீரட்ல பத்திக்கிட்ட என்ஃபீல்டு தோட்டாவை நினைச்சுப் பாருங்க. வாய் வழியா நிரப்புற ரைஃபிள் அது. குழல் 0.577, குண்டு அதை விடச் சின்னது, அப்பத்தான் கரி படிஞ்ச குழலுக்குள்ளயும் தள்ள முடியும். மருந்து எரியறப்போ மெத்து ஈயம் உப்பிப் பள்ளத்தை அடைச்சுக்கும். கரியை இளக்க காகிதத் தோட்டா மேல கொழுப்பும் மெழுகும் தடவினாங்க. அந்தக் கொழுப்பு எந்த மிருகத்தோடதுங்கிறதுதான் தகராறு. ஆரம்பத்துல 0.568 இருந்த குண்டு, கரி படிஞ்ச குழல்ல இறங்க மாட்டேங்குதுன்னு பின்னால 0.55ஆ சுருங்குச்சு. பள்ளிக்கூடத்துல பசுக்கொழுப்பு, பன்றிக்கொழுப்புன்னு படிச்சோமே தவிர, கொழுப்பு எதுக்குன்னு யாரும் சொல்லித் தரல.

இன்னைக்குக் கொழுப்புக்குப் பதிலா தேன்மெழுகும் ஆலாக்ஸும் சரிபாதி. சைசிங்குக்கு ரெண்டு வகைக் கருவி. ஒண்ணு, குண்டை மேலிருந்து அழுத்தி வளையத்துக்குள்ள இறக்கி, அங்கயே பக்கத்து ஓட்டைகள் வழியா கிரீஸை அதோட பள்ளத்துல ஏத்தி, திரும்ப மேல தூக்கற பெரிய மெஷின். லைமன், ஆர்சிபிஎஸ் எல்லாம் செய்றது. இதுல மூக்கை அழுத்தற கட்டை குண்டோட மூக்கு வடிவத்துக்குப் பொருந்தலைன்னா கோணலா இறங்கி, ஒரு பக்கம் மட்டும் சீவிடும். இன்னொண்ணு லீயோட மலிவான வளையம். பிரஸ்ல திருகி, அடியில இருந்து குண்டை மூக்கு மேல பாத்தாப்புல தள்ளினா, மேல டப்பாவுல போய் விழும். அடிப்பாகத்தைப் பிடிச்சுத் தள்ளறதால மூக்கு நசுங்காது. பெரியவர் ஓட்டு ரெண்டாவதுக்குத்தான், என் ஓட்டும்.

எவ்வளவு இறக்கலாம்? ஒண்ணு, ரெண்டு தௌ. மூணுக்கு மேல போனா கிரீஸ் பள்ளமெல்லாம் மூடிக்கும், அடி ஓரத்துல ஈயம் பிதுங்கி விளிம்பு கட்டும். அடிதான் குண்டோட சுக்கான். அது கோணினா குறி போச்சு. வளையம் ஒரு தௌ பத்தலைன்னா, குச்சியில நைஸ் எமரித்தாளைச் சுத்தி லேத்துல மெல்லத் தேய்ச்சு அகலப்படுத்திக்கலாம். தேய்ச்சதைத் திரும்ப ஒட்ட முடியாது, அதனால நாலு தேய்ப்புக்கு ஒரு அளவு.

அந்த "மெத்து" ஞாபகம் இருக்கா? சிலர் வார்த்த குண்டைச் சுடச்சுடத் தண்ணியில போட்டுக் கெட்டியாக்குவாங்க. அது உடனே முழுக் கடினத்துக்கு வராது. நாள் கணக்குல, வாரக் கணக்குல ஏறும். ஏறி முடிஞ்ச பிறகு வளையத்துல தள்ளினா, அழுத்தம் வாங்கின மேல்தோல் திரும்ப மெத்துன்னு ஆயிடும். நாம தேடி உண்டாக்கின கடினத்தை, குழலைத் தொடற இடத்துல மட்டும் சரியா அழிச்சிட்டோம். அதனால வார்த்த அன்னைக்கே சைஸ் பண்ணிடணும். ஈயத்தை இப்படி ஒரு கோணத்துல எந்தப் புத்தகத்துலயும் எனக்கு யாரும் காட்டல.

இப்ப புதுசா பவுடர் கோட்டிங் வந்திருக்கு. கேட்டு, கிரில்லுக்கு அடிப்பாங்களே, அதே பாலியெஸ்டர் பொடி. டப்பாவுல போட்டுக் குலுக்கி, பழைய டோஸ்டர் அவன்ல 200 டிகிரியில இருபது நிமிஷம். (அந்த அவன்ல அப்புறம் ரொட்டி சுடக் கூடாது, ஆமா.) பூச்சு ஒண்ணு, ரெண்டு தௌ ஏத்திடும், அதனால சைசிங் பூச்சுக்கு அப்புறம்.

இன்னொரு ஏமாத்து வேலையும் இருக்கு. 0.358க்கு அழகா சைஸ் பண்ணி, செம்பு உறைக் குண்டுக்கு அளவெடுத்த இறுக்கமான பித்தளைக் கூட்டுக்குள்ள செருகினா, கூடு அந்த மெத்துக் குண்டைத் திரும்ப நசுக்கிடும். 9 மில்லிமீட்டர்ல இது ரொம்ப சகஜம், அந்தக் கூடு கீழே போகப் போகத் தடிமன். முடிஞ்ச தோட்டா ஒண்ணைப் பிரிச்சு, குண்டைத் திரும்ப அளந்து பாத்தாத்தான் நிஜம் தெரியும். மருந்தில்லாத கூட்டுல செருகிப் பிரிச்சுப் பாத்தார், தேறிடுச்சு.

விஷத்தைப் பத்திச் சொல்லணும். 400 டிகிரியில ஈயம் ஆவியாப் பறக்குதுன்னு பயப்படறவங்க ஜாஸ்தி. அதோட கொதிநிலை 1749 டிகிரி, ஆவி சொற்பம். ஆபத்து மேல மிதக்கிற கசட்டுப் பொடியில இருக்கு. அதை அள்ளறப்போ பறக்கும், கையில ஒட்டும், கையில இருந்து காபிக் கோப்பைக்கு, அங்கிருந்து வயித்துக்கு. பெரியவருக்கு ஒரு வருஷம் ரத்தத்துல ஈயம் கூடுதலா வந்துச்சாம். ஷெட்டைத்தான் எல்லாரும் சந்தேகப்பட்டாங்க. கடைசியில பாத்தா, மூடின ரேஞ்சுல ப்ரைமர் புகையும் (அதுல லெட் ஸ்டிஃப்னேட்னு ஒரு ஈய உப்பு), காலிக் கூடுகளைக் காராஜ்ல உலர்வாக் குலுக்கி மெருகேத்தினப்போ பறந்த தூசியும். பேரன் தவழ்ற வீடு. குழந்தைங்களுக்கு 2021லேர்ந்து அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வச்சிருக்கற எச்சரிக்கை எல்லை டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம்தான். ரத்தத்துல இருக்கற ஈயம் மாசக் கணக்குல இறங்கிடும், எலும்புல போனது பல பத்து வருஷம் உக்காந்துக்கும். காராஜ்ல இருந்த எல்லாத்தையும் ஷெட்டுக்கு மாத்தினார். கூடுகளைத் தண்ணியில கழுவறார், ஷெட்டுக்குன்னு தனிச் செருப்பு, பெருக்கறது கிடையாது, ஈரத்துணிதான். அடுத்த வருஷ டெஸ்ட்டுல இறங்கியிருந்துச்சு.

மிருகங்களுக்கும் இதே பிரச்சினை. கலிஃபோர்னியாவுல காண்டோர்னு பெரிய பிணந்தின்னிக் கழுகு, 1982ல மொத்தமே 22தான் மிச்சம். வேட்டைக்காரன் விட்டுட்டுப் போன குடல்ல இருக்கற ஈயத்துணுக்கைத் தின்னு சாகும். அதனால அங்க 2013ல சட்டம் போட்டு, 2019 ஜூலை 1லேர்ந்து வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாதுன்னுட்டாங்க. (நம்மூர்ப் பாறுக் கழுகை டைக்ளோஃபினாக் கொன்ன மாதிரி, இதுக்கு ஈயம்.) பெரியவர் வேட்டைக்குப் போறதில்ல, காகிதத்தைத்தான் சுடறார். ஆனாலும் அந்தச் சட்டம் சரின்னுதான் சொல்றார். அதைக் கேட்டு அவர் ரேஞ்சு நண்பர்கள் ரெண்டு பேர் அவரோட பேசறதில்லையாம்.

இப்ப அவருக்குப் பெரிய கவலை சரக்கு. ஐரோப்பாவுல புதுக் கார்களுக்கு 2005லயே ஈயச் சக்கரக்கட்டி நின்னுடுச்சு, கலிஃபோர்னியாவுல 2010ல. டயர் கடையில வாளியோட வாங்கினா பாதி இரும்பு, கால்வாசி துத்தநாகம். துத்தநாகம் 419 டிகிரியில உருகும். சூடு கொஞ்சம் ஏறி ஒரே ஒரு கட்டி கலந்துட்டாலும் மொத்தப் பானையும் கஞ்சி மாதிரி கட்டிக் கட்டியாகி, அச்சுல இறங்கவே இறங்காது. ஒவ்வொண்ணா கட்டிங் பிளேயரால கடிச்சுப் பாக்கறார். பல் பதிஞ்சா ஈயம், பதியலைன்னா வெளிய. மீதிக்கு ரேஞ்சோட மண்மேட்டைச் சலிச்சு, சுட்ட ஈயத்தையே திரும்பக் கொண்டு வர்றார். போன தடவை வந்ததுல ரெண்டு பழைய குண்டை வளையத்துல வச்சுப் பாத்து, இது தன்னோட 0.356 காலத்துதான்னு சொல்லி பானையில போட்டார்.

இப்ப இங்க பனி. கதவைத் திறந்து வச்சாத்தான் ஈயம் காய்ச்ச முடியும், மைனஸ் பதினஞ்சுல அது நடக்காது. அதனால மார்ச் வரைக்கும் பானை சும்மா கிடக்கும்.